இணைப்பு வண்டி

ஆறு வாரம் கால் தரையில் படக் கூடாது
என்கிறார் எலும்பு மருத்துவர் பாலேராவ்.
மறுநாளே எழுந்து நடந்தாக வேண்டும்
என்கிறார் கர்ப்பப்பையை எடுக்கப்போகும் நஸ்ரீன்.
முலுண்டில் ஒரே கட்டடம்,
அவர் இரண்டாம் மாடி, இவர் நான்காம் மாடி.
லிப்டில்கூட ஒருவரையொருவர் பார்த்ததில்லை போல.
என் காலும் என் வயிறும்
வேறு வேறு ஊரில் குடியிருப்பதாக
இருவருக்கும் நினைப்பு.

குர்லாவில் முன்பதிவு கவுன்டர் எனக்கு, பதினெட்டு வருஷம்.
கல்யாணில் இறங்கி வண்டி மாற
நாற்பது நிமிஷம் போதுமா மேடம் என்று
கண்ணாடித் துளையில் வாயை வைத்துக் கேட்பார்கள்.
மழைக்காலம், மூன்று மணி நேரம் விடுங்கள் என்பேன்.
முதல் வண்டி தாமதமானால்
அடுத்தது உங்களுக்காக நிற்காது.
முணுமுணுத்துக்கொண்டே ரயிலை மாற்றி எழுதுவார்கள்.

இப்போது துளைக்கு வெளியே நான்.

"ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சிட்டா
மயக்க மருந்துச் செலவு ஒண்ணுதானே?"
காசிராஜன் கேலியாகச் சொல்லவில்லை.
டைரியின் கடைசிப் பக்கத்தில்
கூட்டிக் கழித்தே வைத்திருக்கிறார்.

ஊன்றுகோல் பழக்க வந்த பையன், தேவேஷ்,
வராந்தாவில் தடுமாறிய என்னை நிமிர்த்திவிட்டுச் சொன்னான்:
கை தாங்குது என்று நினைக்கிறீங்க ஆன்ட்டி,
வயிறுதான் தாங்குது.
எது முந்தி எது பிந்தி என்று
மூன்று மாதமாக அடித்துக்கொண்டது
அங்கேயே தீர்ந்தது.
அவன் போனில் அடுத்த வீட்டு முகவரியைத் தேடிக்கொண்டிருந்தான்.

கால் முதலில். ஏப்ரல் ஏழு, மழைக்கு முன்.
மூன்று மாடி, ஐம்பத்து நான்கு படி, லிப்ட் கிடையாது.
பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்காரவைத்து
காசிராஜனும் கீழ்வீட்டு சவியோவும் தூக்கிவருவார்களாம்.
அரிசி மூட்டையை வைத்து ஒத்திகை பார்த்தார்கள்.
இரண்டாம் மாடித் திருப்பத்தில்
மூட்டை இறங்கிக்கொண்டது.

பிறகு விரலில் இருந்து கம்பி எடுக்க ஒரு நாள்.
பிறகு ஒரு சைஸ் பெரிய செருப்பு.
அதற்குள் ரத்தம் ஒன்பதிலிருந்து ஏறியாக வேண்டும்,
இரும்பு மாத்திரை, பேரீச்சம்பழம், வயிற்றுக் கடுப்பு.
அரைச் சம்பள விடுப்பு எழுபத்தொன்று இருக்கிறது.
எல்லாம் கட்டத்துக்குள் அடங்குகிறது,
மாதப் பெருக்கைத் தவிர.
காலைத் தூக்கிக் கட்டியிருக்கும் வாரத்தில் அது வந்தால்
ஒற்றைக் காலில் எத்தனை தடவை கழிப்பறைக்கு?
எந்த மாடியிலும் இதைக் கேட்க வாய் வரவில்லை.
சுரேகாவிடம் கேட்டேன்.
பெரியவங்க டயப்பர் ரெண்டு பாக்கெட் வாங்கி வை என்றாள்,
திரும்பாமல்,
கோரக்பூருக்கு நாலு டிக்கெட் அடித்துக்கொண்டே.

இடையில் பன்னிரண்டு வாரம் போதும் என்று
கடைசியில் இரண்டு மாடியும் ஒத்துப்போனது,
என் வாய் வழியாக.
பதிமூன்று போடுங்கள் என்றேன்.
ஒரு வாரம் கூடுதலாக எதற்கு?
நஸ்ரீன் பேனாவை மூடாமல் கேட்டார்.
வீட்டில் வேலை இருக்கிறது என்றேன்.

பொய்.
ஐந்து வருஷமாக
ஒவ்வொரு அடியையும் எண்ணித்தான் வைத்திருக்கிறேன்,
பிளாட்பாரத்தில், மீன் மார்க்கெட்டில், கூட்டத்தில் மிதிபடாமல்.
அந்த ஒரு வாரம்
வலிக்காது என்று வாக்குக் கொடுத்த காலோடு,
இன்னும் கத்தி படாத வயிற்றோடு,
தாதரில் இறங்கி, பூக்கடைப் பாலம் தாண்டி,
எந்தப் பக்கம் என்று முடிவு செய்யாமல்
நடக்கப்போகிறேன்.
ஜூலை. கொட்டும்.
கொட்டட்டும்.

காலண்டரில் அந்த ஏழு கட்டத்தில்
ஒன்றும் எழுதவில்லை.
காலியாத்தானே இருக்கு என்று
பால் கணக்குக் குறிக்க பேனாவைக் கொண்டுபோனார் காசிராஜன்.
கையைத் தட்டிவிட்டேன்.