உறவுமுறை என்ற கட்டத்தில்

டுலூத்தில் மார்ச். ஏரி இன்னும் உறைந்தே கிடக்கிறது.
வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி,
பிள்ளைகளைக் கைமாற்றிக்கொள்ளும் டோனட் கடை.
இந்த வாரம் நீ உடனே கிளம்பவில்லை, வெண்டல்.
கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாய்.

மேசைமேல் அலாஸ்கா விரிந்தது.
சுருளாமலிருக்க
வடக்கே சர்க்கரைக் குப்பி
தெற்கே உன் சாவிக்கொத்து.

கப்பல் பற்றி நமக்குள் சண்டையில்லை.
இரண்டாயிரம் பேர், பதின்மூன்று தளம்.
எனக்கும் சிக்னிக்கும் எட்டாம் தளம்,
உனக்கும் ஓஸ்கருக்கும் ஐந்து.
இரவுச் சாப்பாட்டுக்கு ஆறு பேர் மேசை கேட்டிருக்கிறேன்,
நடுவில் யாராவது முன்பின் தெரியாதவர் உட்காரட்டும்.
ஏழு நாள் ஒரே இரும்புக்குள் கிடந்தும்
முகத்தில் விழிக்காமல் இருந்துவிடலாம்.
அதை வரைந்தவன்
விவாகரத்து ஆனவனாகத்தான் இருக்கவேண்டும்.

தகராறெல்லாம் தரையில்.

ஃபேர்பேங்க்ஸில் இறங்கி
மேகம் விட்டால் டெனாலி மலை பார்த்து
ஆங்கரேஜ் வந்து
விட்டியரில் கப்பலேற நாலு நாள்.
வழிகாட்டியோடு போவதா, நாமாகப் போவதா?

கார், என்றாய்.
மூஸ் நின்றால் நாமும் நிற்கலாம்.
கொடி பிடித்தவள் பின்னால் வாத்துக் கூட்டமாய் நடக்கவேண்டாம்,
விடியுமுன் பெட்டியை அறைவாசலில் வைக்கவேண்டாம்.

பேருந்து, என்றேன்.
ஆளுக்கு இவ்வளவு, ஓஸ்கருக்குப் பாதி, மதியச் சாப்பாடு அதிலேயே,
ஓட்டுநர் கண்ணயராமல் இருப்பது அவர்கள் பாடு என்று
கணக்கும் காட்டினேன்.

காட்டாத கணக்கு ஒன்று:
பேருந்தில் நாற்பத்தெட்டு இருக்கை.
காரில் ஐந்து.
டெனாலியிலிருந்து ஆங்கரேஜுக்கு நாலரை மணி நேரம்.
நாம் கடைசியாக ஒரே காரில் அவ்வளவு நேரம் இருந்தது
ஃபார்கோவிலிருந்து பனியில் திரும்பிய இரவு.
பின்னால் இரண்டும் தூங்குகின்றன என்று நம்பித்தான் பேசினோம்.
சிக்னி தூங்கவில்லை.

இப்போது பதின்மூன்று அவளுக்கு. மேலுதட்டில் சாக்லேட் நுரை.
"கார்னா, முன்னாடி யாரு?"
"அப்பா ஓட்டுவார்."
"பக்கத்துல?"

கரடி வருமா என்றான் ஓஸ்கர்.
நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில்
வரும் வரும் என்றோம்.

பிறகு அந்தப் படிவம்.
பயணி ஒன்று, நான்.
பயணி இரண்டு, நீ.
உறவுமுறை?
கணவர். துணைவர். உடன்பிறந்தவர். நண்பர். மற்றவை.
'மற்றவை'யைத் தொட்டேன். ஒரு கட்டம் திறந்தது:
இருபது எழுத்துக்குள் விவரிக்கவும்.
காலியாக விடு, என்றாய்.
விட்டால் அடுத்த பக்கம் போகாது, என்றேன்.
செல்பேசியை வாங்கி நீயே அடித்தாய்:
பிள்ளைகளின் அப்பா.
இன்னும் இடம் மிச்சமிருந்தது.

முடிவில் மூன்று நாள் பேருந்து,
கடைசி நாள் மட்டும் கார்.
ஆங்கரேஜிலிருந்து விட்டியர், ஒன்றரை மணி நேரம். தாங்கும்.
ஆனால் ஊர் வாசலில் மலையைக் குடைந்த சுரங்கம், ஒரே தடம்.
ரயிலுக்கும் அதுவே, காருக்கும் அதுவே.
அந்தப் பக்கத்தார் வந்து முடித்தால்தான்
இந்தப் பக்கத்தாருக்கு வழி.
முறை தவறினால்
என்ஜினை அணைத்துவிட்டு வரிசையில் நிற்கவேண்டும்.

"அதுவரை என்ன பண்றது?"
"சும்மா உட்கார்ந்திருக்கலாம்" என்றாய்,
சாவியை எடுத்து.
தெற்கு சுருண்டுகொண்டது.

பணம் போகாமல் ரத்து செய்யக் கடைசி நாள் மே ஒன்பது.
நாட்காட்டியில் குறித்தேன்.
நீயும் குறித்ததை
கண்ணாடிக் கதவில் பார்த்தேன்.

உன் காரின் ஜன்னலை இறக்கி
பனிக்காற்றில் ஓஸ்கர் கத்தினான்:
"அம்மா, நாம நாலு பேர்தானே!
அஞ்சாவது சீட் கரடிக்கு!"