சூடில்லாத சிவப்பு

மண்டபம் ஸ்டேஷனில் மெமோ நீட்டியபோது
மணி பத்து இருபது.
ஐம்பது நிமிஷம் என்று எழுதிக்
கையெழுத்தை இழுத்துவிட்டு
"சீக்கிரம், சவேரியம்மா" என்றார் மாஸ்டர்,
நான் என்னமோ புரோட்டாவுக்கு நிற்கிறவள் போல.

பாம்பன் பக்கத்து சிக்னல். பதினாறு படி.
பன்னிரண்டாவதை உப்பு தின்றுவிட்டது.
அதைத் தாண்டிக் கால்வைக்க
முட்டிக்குத் தெரியும், எனக்குத்தான் மறந்துபோகும்.
கீழே சீனிக்காதர்
புது விளக்கைத் துண்டில் முடிந்து கயிற்றில் அனுப்புகிறான்.
கச்சான் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு விடுகிறது.

பெட்டியைத் திறந்தேன்.
பழைய பல்பு கையைச் சுட்டது.
இரண்டு இழையில் ஒன்று போய்விட்டது,
மிச்சம் ஒன்றில் பிழைப்பு.
சத்தமில்லாத தியாகமெல்லாம் இல்லை,
மூன்று நாளாக ஸ்டேஷனில் மணியடித்து
ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது.

அதன் முதுகுக்குப் பின்னால்
மூன்று பல்லி முட்டை.
அடைகாக்கும் வேலையை
இருபத்து நாலு வாட்டிடம் ஒப்படைத்துவிட்டு
எங்கேயோ போயிருக்கிறாள்.

புதியதை மாட்டினேன்.
எரிந்தது,
உச்சிவெயிலிலும் களத்தில் கொட்டிய
குண்டு மிளகாய் மாதிரி.

வாக்கிடாக்கியில் ரிலே அறை:
"எரியலையே."
"எரியுதுங்க."
"இங்க எரியலைன்னு காட்டுது."
"கண்ணால பாக்குறேன் சார்."
"உங்க கண்ணு சர்க்யூட்ல இல்லையே."

பழைய ரிலே, அதையும் சொல்லிக் குற்றமில்லை.
இவ்வளவு கரண்ட் தின்றால்தான் விளக்கு
என்று பழகிய சாதி.
கொஞ்சமாய்ச் சாப்பிட்டு
நிறைய வெளிச்சம் காட்டுகிறவளை
அதுவும்
நம்பவில்லை.

சீனிக்காதர் புது ரிலேயைத் தூக்கிக்கொண்டு
ஜல்லியில் ஓடினான்,
ஒரு செருப்பு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.
பதினொன்று ஐந்து.
டக்.
நம்பிவிட்டது.

இறங்கும் முன் கண்ணாடியில் உள்ளங்கை வைத்தேன்.
சில்லென்று இருந்தது.
பழையது தன் பாட்டுக்குப் பனியை உலர்த்திக்கொள்ளும்.
இனி கொண்டல் வீசும் மாதங்களில்
விடியுமுன் இந்த முகத்தில் உப்பு வேர்க்கும்,
துடைக்க ஆள் வேணும்.
ஆள் என்றால் பதினாறு படி, அதில் ஒன்று இல்லாதது,
நான்.

வண்டி வந்தது. நின்றது.
பாலத்தில் காற்று அளவு மீறியதாம்.
இறங்கி வந்த டிரைவர் அண்ணாந்து பார்த்து
"புதுசா? கண்ணு கூசுதே" என்றார்.
"ரிப்பேரா?"
இல்லை, காற்று.
பிறந்த அன்றைக்கே அவளுக்கு
ஒன்றே முக்கால் மணி நேரச் சிவப்பு.
பயணிகள் இறங்கிக் கடலைப் படமெடுத்தார்கள்.
ஒருத்தரும் அவளை எடுக்கவில்லை.

முட்டைகள்?
டிபன் மூடியில் பஞ்சு பரப்பி
ரிலே அறைக்குக் கொண்டுபோனேன்.
பேட்டரி சார்ஜரின் தலைமேல் எப்போதும் ஒரு வெதுவெதுப்பு உண்டு.
வைத்துவிட்டு,
மீண்டும் இணைத்தாயிற்று என்று மெமோவில் எழுதினேன்.
முட்டையைப் பற்றி எழுதவில்லை.
மாஸ்டருக்குப் பல்லி என்றால் பயம்.