முப்பது பிரதி

ஒட்டுசுட்டான் சந்தியில்
கரண்ட் வந்து பத்து நிமிசம்.
மெசின் இன்னும் சூடேறவில்லை.
பிரதேச செயலகத்திலிருந்து மயில்வாகனம் வருகிறார்.
சேட்டுப் பைக்குள் நாலாய் மடித்த சுற்றறிக்கை.
"முப்பது பிரதி, தங்கச்சி. ரெண்டு பக்கமும் அடி.
தாளை மிச்சம் பிடிக்கச் சொல்லியிருக்கு."

வாசிக்கக் கூடாதென்று சட்டமில்லை.
பச்சை வெளிச்சம் கண்ணாடிக்கு அடியில் நகர நகர
வாசித்தேன்.
புதிய ஆட்சேர்ப்பு மறு அறிவித்தல் வரை நிறுத்தப்படுகிறது.
ஓய்வு பெறுவோரின் இடங்கள் நிரப்பப்படமாட்டா.
ஆளணி மீளாய்வு செய்யப்படும்.
ஒரு வசனத்திலும் ஆள் இல்லை.
எல்லாம் செயப்பாட்டுவினை.

மூன்றாம் வருசப் பரீட்சையில்
இந்தக் கேள்விக்கு ஏழு பக்கம் எழுதியவள் நான்:
அரசிறை விதிகள் ஏன் அவசியம்?
எதிர்காலச் சந்ததியின் தலையில் கடனை ஏற்றாதிருக்க
என்று தொடங்கினேன். ஏ சித்தி.
அந்தச் சந்ததி எப்போது பிறக்குமென்று
வினாத்தாள் கேட்கவில்லை.
நான் பிறந்தது தொண்ணூற்றெட்டில்.

இப்போதும் அந்த விடை பிழையென்று சொல்லமாட்டேன்.
பெற்றோல் வரிசையில் மூன்று நாள் நின்றவள்,
காசு அச்சடித்தால் என்ன ஆகுமென்று
பருப்பு விலையில் படித்தவள்.

ஆனாலும்
குளத்து நீர்மட்டம் எழுதுகிறவர்
பங்குனியில் ஓய்வு பெற்றார்.
அவருடைய பதிவேட்டில்
பங்குனிக்குப் பிறகு தண்ணீரே இல்லை.

அந்த வேலைக்கு இரண்டு தரம் விண்ணப்பித்த இயலரசன்
நேற்று வந்து கடவுச்சீட்டைப் பிரதி எடுத்தான்.
ருமேனியாவில் கோழி வெட்டும் தொழிற்சாலையாம்.
ஐந்து பிரதி.
காசு கையோடு தந்தான்.

மயில்வாகனம் தாளைத் தட்டி அடுக்குகிறார்.
"காசு பிறகு தாறன். ஒதுக்கீடு இன்னும் வரேல்லை."

கடன் கொப்பியை எடுத்தேன்.
மாசியில் தொடங்கிய செயலகத்தின் கணக்கு
மூன்றாம் பக்கத்தில் நடக்கிறது.
இரவுச் செய்தியில் சொல்வார்கள்,
இலக்கை எட்டிவிட்டோம், முதன்மை மீதியில் மிகை என்று.
கொடுக்காத காசு செலவுக் கணக்கில் ஏறாது.
ஏழு பக்கத்திலும் நான் எழுதாமல் விட்ட வரி அது.
மிகை கொழும்பில் இருக்கிறது.
அதில் ஒரு துண்டு இங்கே, நீல மையில்,
ரீலோட் கடன் வைத்த ட்ராக்டர்ச் சின்னவனுக்கும்
லமினேற்றிங் கடன் வைத்த மீன்பிடிச் சங்கத்துக்கும் நடுவில்.

"பேர், பதவி போட்டுக் கையெழுத்து வையுங்கோ."

அலுவலக உதவியாளர் என்று எழுதுவாரென நினைத்தேன்.
முகாமைத்துவ உதவியாளர் என்று எழுதி
கொஞ்சம் யோசித்து, பக்கத்தில்
பதில் கடமை என்று சேர்த்தார்.
"ரெண்டு மேசையும் நான்தான் பாக்கிறன், பிள்ளை.
சம்பளம் ஒண்டு."

நான் விண்ணப்பித்த மேசை.

"ஜன்னல் பக்கமா?" என்று கேட்டேன்.
"ஓம்" என்றார். "பின்னேரத்தில வெயில் அடிக்கும்."