பதினாலு புள்ளி

தபால் டீமுக்குப் பதினாறு. நமக்குப் பதினாலு.
பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில்
மூன்றாவது தடவை கூட்டிப் பார்க்கிறார் முனிரத்தினம்,
கூட்டல் மனம் மாறிவிடும் என்பதுபோல.

அக்கித்திம்மனஹள்ளி ஸ்டேடியத்தில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.
நீல டர்ஃபில் அடித்த தண்ணீர் இன்னும் காயவில்லை.
காலரியின் ஏழாம் படி எங்களுடையது.
முனிரத்தினம், சம்பங்கி, ஏசுபாதம், நான்.
மர்ஃபி டவுன் யூனியன் தோற்றால்
நாங்கள் நாலு பேர்தான் தோற்போம்.
ஜெயித்தால் தெருவே வந்து ஜெயிக்கும்.

"ஞாயித்துக்கிழமை பேங்க் டீமை அடிச்சா பதினேழு.
நாக்அவுட்டு. அவ்ளோதான் கணக்கு."
"எதை வெச்சு அடிப்ப?
நாணய்யாவைக் குடுத்துட்டு
ரெண்டு பிள்ளைப்பூச்சியைப் புடிச்சாந்திருக்கான் செக்ரட்டரி.
ரெண்டு அரைக்கிலோ ஒரு கிலோ ஆவறது
ரஸல் மார்க்கெட்டுலதான், ஃபுல்பேக்ல இல்ல."
"யாரும் குடுக்கல. கிளார்க் வேலைன்னாங்க, போனான்.
உனக்குக் குடுத்தா போமாட்டியா?"
இது ஏசுபாதம். முப்பது வருஷம் ஒரே ஒர்க்‌ஷாப்.
அவரை யாரும் எங்கேயும் கூப்பிட்டதில்லை.

சம்பங்கிக்கு வேறு வயிற்றெரிச்சல்.
"பசங்க ரொம்ப சாது. இன்னிக்குப் பாத்தியா?
இடிச்சவன் விழுந்து கெடக்கான்,
இடி வாங்கினவன் கை குடுத்துத் தூக்குறான்!
சீசன் பூரா ஒரே ஒரு பச்சை அட்டை,
அதுவும் தண்ணி குடிக்க வெளிய போனதுக்கு.
நாணய்யா இருந்தா வட்டத்துக்குள்ள ஈ நுழையுமா?
புருவம் கிழிஞ்சு அஞ்சு தையல் போட்டும்
மூணாம் குவார்ட்டர்ல திரும்பி வந்தானே…"

கீழே இரும்புக் கதவு கிரீச்சிட்டது.
படியேறி வந்தான், நாணய்யாவேதான்.
பேங்க் டிராக்சூட்,
கையில் காகிதப் பொட்டலம்.

"ஏன் நிறுத்திட்டீங்க? என்னை எத்தனைக்கு வித்தீங்க, சொல்லு."
அவன் தமிழ் எங்கள் டிரஸ்ஸிங் ரூமில் கற்றது.
கெட்ட வார்த்தைகள் மட்டும் பிசகாமல் வரும்.
அதில் ஒன்றை முனிரத்தினம் அன்போடு சொல்லி
நகர்ந்து இடம் கொடுத்தார்.
சூடான கடலை. எல்லோருக்கும் பிரித்துப் போட்டான்.
புது ஆபீஸில் ஏசி ஜாஸ்தியாம்.
மேனேஜருக்கு ஹாக்கியில் எத்தனை பேர் என்று தெரியாதாம்.
சிரித்தோம். புள்ளிக் கணக்கை யாரும் எடுக்கவில்லை.

"முட்டி எப்படி?" என்றார் ஏசுபாதம்.
"சூப்பர்."

அவன் இறங்கிப் போனான்.
ஒவ்வொரு படிக்கும் இடது காலை முதலில் இறக்கி,
வலதை அதன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து,
கைப்பிடியைத் தொடாமல்,
தொடவில்லை என்று நாங்கள் பார்க்கவேண்டும் என்பதற்காகவே தொடாமல்.
ஒன்பது சீசன் அந்த நடையைப் பார்த்திருக்கிறோம்.
பௌரிங் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் நான்.
இதற்குப் படம் தேவைப்படவில்லை.
இரும்புக் கதவு மறுபடி கிரீச்சிடும்வரை
கடலை மெல்லும் சத்தம்கூட இல்லை.

சாந்திநகர் பஸ் ஸ்டாண்டு. நூற்றுச் சொச்சம் நம்பர் எதுவும் வரவில்லை.
முனிரத்தினம் காற்றோடு பேசுவதுபோல்:
"பந்தை அவன் வலப்பக்கமே போட்டுக்கிட்டிருந்தா…
திரும்ப முடியாது. ரெண்டு கோல் நிச்சயம்."
யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை.
இல்லை என்றும் சொல்லவில்லை.
பதினேழு என்ற எண்
எங்கள் நாலு பேருக்கு நடுவில் வந்து நின்றது,
பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஐந்தாவது ஆள் மாதிரி.

"கோச்சுக்கு ஒரு போன் போடட்டா?"
பேரைத் தேடி எடுத்துவிட்டார். கட்டைவிரல் மேலே நிற்கிறது.

"உள்ள வை," என்றார் சம்பங்கி.
குரல் ஒரு மாதிரி இருந்தது.
"உள்ள வைய்யா முதல்ல."