நூற்று எண்பது மில்லி

வால்டிவியாவில் மழை பெய்கிறதா என்று
யாரும் கேட்பதில்லை.
எப்போது விடும் என்றும்.

ஆஸ்பத்திரியின் பின்கட்டில்
சலவை அறைக்கு அடுத்த அறை.
வியாழன்தோறும் ஐந்தரைக்கு.
ஏழு நாற்காலி, ஒரு மண்ணெண்ணெய்க் கணப்பு,
சுவருக்கு அந்தப் புறம் துணி சுழலும் சத்தம்.
முதல் மாதம் நான் உள்ளே போகவில்லை.
வாசலில் நின்று
கீல் தளர்ந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
இரண்டாம் மாதம் ஸ்க்ரூடிரைவரோடு வந்தேன்.
படகு எஞ்சின் மெக்கானிக் நான்,
கெட்டுப்போனதைக் கண்டால் கை சும்மா இருக்காது.
கதவைச் சரிசெய்த பிறகு
வெளியே நிற்க
எனக்கொரு காரணம் இல்லாமல் போயிற்று.

எங்கள் மகள் மில்லாராய்க்கு வந்திருப்பது
இரண்டு ஜெர்மன் வைத்தியர்களின் பெயர்.
அது என் வாயில் நுழையவே ஒரு வருடம் ஆயிற்று.
நாட்டில் மூன்று குழந்தைகளுக்கு இருந்தது.
ஒன்று அரிக்காவில், பஸ்ஸில் இரண்டு நாள்.
இன்னொன்றைப் பற்றி
அதன் தாய் ஆகஸ்டில் எழுதினாள்.
இப்போது இரண்டு.
யாராவது கேட்டால்
இன்னும் மூன்று என்றுதான் நாக்கு ஆரம்பிக்கிறது.

அறையில் ஒருவர் நோய் மற்றவருக்குப் புரியாது.
எடெல்மிராவின் பையனுக்கு எலும்பு.
ஓயார்சூன் தம்பதியின் இரட்டையரில்
ஒருத்திக்கு மட்டும் ரத்தத்தில் ஏதோ.
மற்றவளுக்கு ஒன்றுமில்லை என்பதையும்
அவர்கள் அழுதுகொண்டேதான் சொன்னார்கள்.
தைரியமாக இரு என்று இங்கே யாரும் சொல்வதில்லை.
தாங்குகிறவனுக்குத்தான் கடவுள் கொடுப்பார் என்பதும் கிடையாது.
அதற்கு என் மைத்துனன் இருக்கிறான், போதும்.

மனநல ஆலோசகரின் பெயர் நோர்மா இனோஸ்ட்ரோசா.
நனைந்த கம்பளிக் கோட்டைக் கழற்றாமலே உட்காருவாள்.
போன வாரம் என்னைப் பார்த்து,
"ரோசாமெல், இன்று என்ன சாப்பிட்டீர்கள்?"

காலை ஆறுக்கு நூற்று எண்பது மில்லி, என்றேன்.
பத்துக்கு நூற்றைம்பது, அதில் முப்பது கக்கிவிட்டாள்.
ஒன்றரைக்கு மறுபடி நூற்று எண்பது.
குழாயைக் கழுவ இருபது தண்ணீர்.

தலையாட்டினாள்.
"அது மில்லாராய். நீங்கள்?"

கணப்பு சீறியது.
நான் தேடினேன்.
காலையிலிருந்து ஒவ்வொரு மணியாகத் திறந்து பார்த்தேன்,
கருவிப்பெட்டியில்
பொடி ஆணியைத் தேடுவதுபோல.
அவள் மூச்சு, காய்ச்சல், மலத்தின் நிறம்
எல்லாம் இடம் பிசகாமல் இருந்தன.
என்னைத்தான் காணோம்.

நான் அழவில்லை.
எடெல்மிரா அழுதாள்.
அவளும் அன்று சாப்பிட்டிருக்கவில்லையாம்.

நோர்மா விளக்கம் எதுவும் சொல்லவில்லை.
ஒரு வீட்டுப்பாடம் மட்டும்:
வாரம் ஒருமுறையாவது. சூடாக. உட்கார்ந்து.

மீன்சந்தைக் கரையில்
இறைச்சியும் வெங்காயமும் அடைத்த எம்பனாடா ஒன்று வாங்கினேன்.
படித்துறையில் கிடந்த கடல்சிங்கம்
என் கையையே பார்த்தது.
முதல் கடியில் நாக்கு சுட்டது.
மகள் வயிற்றில் குழாய் வைத்த நாளிலிருந்து
வாய்க்கு ருசியாக எதைத் தின்றாலும்
அவளிடமிருந்து திருடியதாகவே இருந்தது.
அன்றும் இருந்தது.
இருந்தும் தின்றேன்.

பாதியோடு நிறுத்தி
மீதியைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஹெனோவேவா அந்த அறைக்கு வருவதில்லை.
அந்நியர்முன் அவிழ்க்க என்னிடம் ஒன்றுமில்லை என்பாள்.
நான் போனபோது
பால் ஊற்றிய சிரிஞ்சைத் தோளுயரத்துக்குத் தூக்கிப் பிடித்து
நின்றுகொண்டிருந்தாள்.
அதை வாங்கிக்கொண்டு
பொட்டலத்தை அவள் கையில் வைத்தேன்.
உட்கார், என்றேன்.
ஏன் என்று கேட்பாள் என்றிருந்தேன்.
கேட்கவில்லை. உட்கார்ந்தாள்.

ஆறிப்போயிருந்தது.
வெங்காயம் அதிகம், என்றாள்.
மென்றுகொண்டே இன்னொரு முறை,
ரொம்பவே அதிகம்.
காகிதத்தில் ஒட்டியிருந்ததையும் விரலால் எடுத்தாள்.

வெங்காயம் குறைத்துப் போடும் கடை எது என்று
எடெல்மிராவுக்குத் தெரிந்திருக்கும்.
வியாழக்கிழமை கேட்க வேண்டும்.