ஏழாம் நிலை

தங்கசாலைத் தெருவில் கேவல்சந்தின் அடகுக்கடை
மூன்றடி அகலம்.
டிராம்போனை வாயில் வைத்தால்
முதல் நிலை கல்லாப்பெட்டி ஓரம்
நாலாம் நிலை வாசற்படி
ஏழாம் நிலை தெருவில்.
ஒரு மீன்பாடி வண்டி நின்று வழிவிட்டது.

மேசைமேல் இரண்டு கிடந்தன.
இரண்டுக்கும் என்னைவிட வயது அதிகம்.
இரண்டின் கழுத்திலும் நூலில் கட்டிய அட்டை:
ரசீது எண், தேதி, மீட்கவில்லை.
ஒன்று கிளீவ்லாந்து கிங்,
மற்றது எல்க்ஹார்ட் கான்.
குழாயின் உள்விட்டத்தில் வித்தியாசம்
நாலைந்து தலைமுடிப் பருமன்.
இதுக்கா லீவு போட்டீங்க என்றாள் மெர்சி, காலையில்.
இதுக்குத்தான்.

என்னிடம் இருப்பது அகலக்குழாய்.
கோயிலில் பாட்டுக்குழுவின் அடியில்
படுத்துக்கொள்ள அது போதும்.
பெரம்பூரில் முப்பத்தொன்றாம் தேதி ராத்திரி
டிராம்போன் வரிசைக்கு நான்தான் முதல் நாற்காலி.
போன வருஷம் பதினொன்றரைக்கே
உதடு சைக்கிள் டியூப்.
பன்னிரண்டு அடிக்கும்போது வரவேண்டிய மேல்சுரம்
வரவில்லை.
பட்டாசுச் சத்தத்தில் யாருக்கும் தெரியல என்றார்கள்.
தெரிந்தது இரண்டு பேருக்கு:
எனக்கு,
பக்கத்து நாற்காலி நார்பர்ட்டுக்கு.

அதனால் அவனையும் கூட்டி வந்தேன்.
ஊதுகிறவன் காதில் விழுவது பாதிப் பொய்.
எதிரே கரும்புச்சாறு வண்டியருகே
நின்று கேள் என்றேன்.

டிசம்பர் ஈரத்தில் ஸ்லைடு இரண்டும் சண்டித்தனம்.
பையிலிருந்த பாண்ட்ஸ் கிரீமை
விரல்நுனியால் தடவித் தண்ணீர் தெளித்தேன்.
"மூஞ்சிக்குப் போடறதுதானே?" என்றார் சேட்.
"இதுவும் மூஞ்சிதான் சேட்."

முதலில் கிங்.
மூச்சைக் கேட்கவில்லை, தானே எடுத்துக்கொண்டது.
உச்சத்து பி-பிளாட் திறந்து கிடந்த கதவு.
அதன்மேல் டி, அதற்கும் மேல் எஃப்,
மாடிப்படியில் இரண்டிரண்டாய்த் தாவும் பையன்.
கொஞ்சம் அழுத்தினால் மட்டும்
எவர்சில்வர் தட்டின் விளிம்பில்
கரண்டி பட்ட சத்தம்.
தெரு திரும்பிப் பார்த்தது.
நார்பர்ட் கட்டைவிரலைத் தூக்கினான்.

பிறகு கான்.
வெளிக்குழாயில் செம்புண், அதன்மேல் ஈயப் பற்று.
எவனோ ஒருவனின் இடதுகை வியர்வை
மெருகைத் தின்ற இடத்தில்
என் கை பொருந்தவில்லை.
அவனுக்குப் பெரிய கை.
இது மூச்சுக்குக் கணக்குக் கேட்டது.
பி-பிளாட்டுக்கு அடிவயிற்றிலிருந்து கொடுக்கவேண்டும்.
கொடுத்தேன்.
சற்றுத் தாமதித்து, உடம்போடு வந்தது.

தெரு திரும்பவில்லை.
கட்டைவிரலும் எழவில்லை.
நார்பர்ட்டின் இடதுகையில் சாறு டம்ளர்,
வலதுகை காற்றில் முன்னும் பின்னும் போகிறது
மூன்று, ஒன்று, நாலு
அது இரண்டாம் டிராம்போனின் வரி.
என் சுரத்துக்கு அடியில்
அவன் பாட்டுக்கு ஊதிக்கொண்டிருக்கிறான்,
அவனுக்கே தெரியாமல்.
சாறு சட்டையில் வழிகிறது.

சாலையைக் கடந்து வந்தவன்
"முதல்ல ஊதினதுதான்டா பிரமாதம்" என்றான்.
"சட்டையைத் தொட" என்றேன்.

சேட் இரண்டையும் தராசில் வைத்தார்.
அவருக்கு உள்விட்டம் தெரியாது, எடை தெரியும்.
கான் நூற்றிருபது கிராம் கூடுதல்.
பித்தளை விலை, அதன்மேல் அவருடைய பெருமூச்சுக்கு ஒரு விலை,
பேசி முடித்தோம்.
"இது?" என்று கிங்கைத் தொட்டார்.
"சம்பளம் ஒண்ணாந்தேதி."
"உருக்கறவன் இருபத்தெட்டாந்தேதி வருவான்."

ரயிலில்
பெட்டியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டேன்.
பேசின் பிரிட்ஜ் வரை நார்பர்ட் பேசவில்லை.
பிறகு, ஜன்னலைப் பார்த்தபடி,
"அந்த கிங்கை நான் எடுத்துக்கவா?"

அந்த எஃப்.
என் வலது காதிலிருந்து ஒன்றரை அடியில்,
ராத்திரி முழுக்க,
இரண்டாம் நாற்காலியில்.

இல்லையென்றால் இருபத்தெட்டாம் தேதி
குத்துவிளக்காகவோ குழாய்த் திருகாகவோ.

வியாசர்பாடி வந்தது.
கதவோரம் நின்றவர்கள் இறங்கினார்கள்.
அடுத்தது பெரம்பூர்.