குதிரைத் தட்டு

அயோவாவில் பிப்ரவரி.
அறுத்த சோளத்தட்டைகள் பனிக்கு மேலே
மழிக்காத தாடியாய் நீட்டிக்கொண்டிருந்தன.
என் கால்நடை மருத்துவமனையிலிருந்து
இரண்டு விசைத்தட்டுகளைப் பெயர்த்து
மூடிக்கிடந்த கூடைப்பந்து அரங்குக்கு ஏற்றிவந்தோம்.
நொண்டும் குதிரை எந்தக் காலில் நொண்டுகிறதென்று
முகம் பார்க்காமல் சொல்லும் தட்டுகள்.
எவ்வளவு தேய்த்தும் லாடக் கீறல் போகவில்லை.

எல்டன் ஹாவர்காம்ப் வெள்ளைக் காலுறையோடு வந்தார்.
விதைச்சோளம் விற்று ஓய்ந்தவர்.
பதினொரு வருடமாய்க் காலையும் மாலையும்
கண்மூடி அமர்கிறவர்.
"எழும்புவேன்" என்றார்,
நாளைக்குக் காற்றடிக்கும் என்பதைப்போல.

லோர்னா கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள்.
மெத்தை கூடாது என்றாள்.
நூல் ஏதும் தொங்குகிறதா என்று
அவர் தலைக்குமேல் துடைப்பக் கட்டையை ஓட்டிப் பார்த்தாள்.
எது நடந்தால் யார் தோற்றதாக அர்த்தம் என்பதை
தட்டச்சு செய்து, முன்னதாகவே
மூவரும் கையெழுத்திட்டோம்:
எடை குறைய வேண்டும்.
குறைவதற்கு முன் கூடக் கூடாது.

நாற்பது நிமிடம் ஒன்றுமில்லை.
வெந்நீர்க்குழாய் எங்கோ முனகியது.
காகிதத்தில் பேனா மட்டும்
நேர்கோட்டில் நிற்காமல் சின்னதாய் நடுங்கியது, விடாமல்.
லோர்னா என் முழங்கையைப் பற்றினாள்.
இதயம், என்றேன்.
ஒவ்வொரு துடிப்புக்கும் உடம்பு
ஒரு கைப்பிடிச் சோளம் அளவு ஏறி இறங்கும்,
உனக்கும் எனக்கும்
நாளைக்கு ஏலத்துக்குப் போகும் மாட்டுக்கும்.
பிடியை விட்டாள்.

பிறகு, எழும்பினார்.
அப்படி எழுத எனக்கு உரிமையில்லை.
காகிதம் சொன்னதைச் சொல்கிறேன்:
முதலில் அவர் எடை இரண்டு மடங்கைத் தாண்டியது.
அடுத்து சுழியம்,
நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாய்.
அடுத்து, பலகைத் தளம் முழுக்க ஓடிய சத்தம்.
நாலரை அங்குலம், என்று கணக்குப் போட்டாள் லோர்னா.
சம்மணக்காலோடு, அறுபத்திரண்டு வயதில்.
தவளையே மெச்சும்.
ஆனாலும் தாவல்தான்.

ஒன்பது முறை.
ஒன்பதிலும் பள்ளத்துக்கு முன்னால் ஒரு மலை.
எதுவும் அவரைத் தூக்கவில்லை,
அவர்தான் தரையை உதைத்தார்.

இதை எப்படி நோகாமல் சொல்வதென்று
அவள் வார்த்தைகளைப் பொறுக்கிக்கொண்டிருக்க
என் கண் வேறிடம் போனது. தொழில் புத்தி.
இடது தட்டின் மலை வலதைவிடக் குட்டை.
முதல் தாவலில் மயிரிழை,
ஒன்பதாவதில் பாதிக்குப் பாதி.
இந்தக் கோட்டோடு ஒரு குதிரை வந்தால்
சொந்தக்காரரிடம் கேட்பதையே கேட்டேன்:
"எத்தனை நாளாய்?"

கண் திறந்தார்.
இடது முழங்காலை உள்ளங்கையால் மூடினார்,
யாரோ பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டதுபோல.
"மூன்று குளிர்காலம்," என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
"மேலே இருக்கும்போது வலிக்காது."

லோர்னா படிவத்தைப் புரட்டினாள்.
அதை எழுத அதில் கட்டம் இல்லை.
நான் வண்டிக்குப் போய்
உறைந்து கெட்டித்துப்போன குதிரைத் தைலத்தைக்
கக்கத்தில் இடுக்கிச் சூடாக்கிக் கொண்டுவந்தேன்.
வாங்கிய எல்டன்
புட்டியின் சீட்டை விளக்கடியில் பிடித்து
முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தார்.
அப்புறம்தான் மூடியைத் திறந்தார்.